காணாக்கடிக்குக் கத்தரிக்காய் காரணமில்லை

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. மும்பை முலுண்டில் ஒன் ரூம் கிச்சன் வீடு, வேலை தாதரில். எட்டு மாதத்துக்கு முன்னால், போன கணபதி பண்டிகை சமயத்தில் இது ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் தொடை, வயிறு, கை என்று பத்தை பத்தையாகத் தடித்து ஒரே அரிப்பு. விடிந்தால் சுவடே இருக்காது. ரயிலை விட்டு இறங்கினால் பையின் வார் அழுத்திய இடத்தில் கோடு மாதிரி வீங்கியிருக்கும், அரை மணியில் போய்விடும். இரண்டு தடவை உதடு வீங்கியது. மாமியார் பூரான் கடி என்கிறார். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அக்கா, பித்தம் என்று கோகம் என்ற புளிப்புப் பழம் ஊறிய தண்ணீரைத் தடவச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் 11 பொருள்களுக்கு அலர்ஜி என்று வந்தது. கத்தரிக்காய், முட்டை, மீன், வேர்க்கடலை, பால், தக்காளி எல்லாம் நிறுத்திவிட்டேன். ஆறு கிலோ குறைந்தேன், தடிப்பு நிற்கவில்லை. அரிக்கும்போது செட்ரிசின் போடுகிறேன். ரொம்ப மோசமானால் பக்கத்து கிளினிக்கில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை ஐந்து நாளுக்குத் தருகிறார்கள். போட்டால் நிற்கிறது, விட்டால் திரும்புகிறது. இதுவரை ஏழெட்டுத் தடவை ஆகிவிட்டது. மாதவிலக்கு நாட்களில் இன்னும் அதிகம். வயிற்று வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, இந்த அரிப்போடு ரயிலில் நிற்பது பெரும் பாடு. பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று மூன்று மாதமாக அவளை மாமியாரோடு படுக்கவைக்கிறேன். இன்னும் எதைச் சாப்பிடாமல் இருக்க வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முலுண்டு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இன்னும் எதை நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட ஆரம்பியுங்கள். எட்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறீர்கள் என்று படித்தபோது, தடிப்பை விட அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த உணவுகளில் ஏதாவது ஒன்றைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், தடிப்பு வந்தது என்றால் அந்த ஒன்றை மட்டும் மருத்துவரிடம் காட்டும் வரை தொட வேண்டாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் சாப்பிட்ட கத்தரிக்காய், நிறுத்தி மாதக்கணக்கான பிறகும் சாயங்காலம் தவறாமல் வந்து அரிக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்ப் பக்கம் இதற்குக் காணாக்கடி என்று பேர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்று நினைத்து வைத்த பெயர். உங்கள் மாமியார் பூரான் என்பதும் அந்த வழியில்தான். தடிப்பைப் பார்த்தால் பூச்சி கடித்த மாதிரியேதான் இருக்கும், அவர் மேல் தப்பில்லை. ஆங்கில மருத்துவத்தில் அர்ட்டிகேரியா. காஞ்சொறி மாதிரி பட்டால் அரிக்கும் ஒரு செடியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. பார்த்தவர்கள் எல்லோருமே வெளியில் ஏதோ பட்டதாகத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் ஆறு வாரத்தைத் தாண்டி இது நீடித்தால், வெளியில் தேடி அநேகமாக ஒன்றும் கிடைக்காது.

உள்ளே நடப்பது இதுதான். தோலுக்கு அடியில், சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றின் வயிற்றில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் பொடிப் பொடி உருண்டைகளாக அடைத்திருக்கும். ஏதாவது தூண்டினால் செல் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். ஹிஸ்டமின் பட்டதும் ரத்தக் குழாய் விரிந்து, அதிலிருந்து நீர் கசிந்து தோலுக்குள் தேங்கும். அந்தத் தேக்கம்தான் தடிப்பு. பக்கத்து நரம்பில் படும்போது அரிப்பு. தேங்கிய நீரை உடம்பு சில மணி நேரத்தில் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் விடிந்தால் சுவடு இருப்பதில்லை. இதே கசிவு இன்னும் ஆழத்தில் நடந்தால் உதடோ இமையோ வீங்கும், அது வடிய இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம்.

மாஸ்ட் செல்லைத் தூண்டுவது யார்? நீடித்த காணாக்கடியில் பெரும்பாலும் உங்கள் உடம்பின் எதிர்ப்பு சக்தியேதான். கிருமியை எதிர்க்கப் புரதம் தயாரிக்கிற அமைப்பு, தவறிப்போய் மாஸ்ட் செல்லைக் குறிவைக்கிற புரதத்தையும் தயாரித்துவிடுகிறது. ஆண்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெண்களுக்கு இது வருகிறது. 20 முதல் 40 வயதுக்குள் அதிகம். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் உள்ளவர்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். நீங்கள் சாப்பிட்டதாலோ, வீட்டைச் சுத்தமாக வைக்காததாலோ, எதையோ செய்யத் தவறியதாலோ வந்ததில்லை.

அந்த 11 பொருள் ரிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செம்பூரில் என் மேஜைக்கு வராத வாரமே இல்லை என்னும் அளவுக்கு இந்தக் காகிதம் வருகிறது. ரத்தத்தில் ஒரு உணவுக்கு எதிரான ஐஜிஇ என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது அந்தப் பரிசோதனை. இருந்தால், உடம்புக்கு அந்த உணவு அறிமுகம் ஆகியிருக்கிறது என்று பொருள். அது உங்களுக்குத் தொந்தரவு தருகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குச் சாப்பிட்ட பிறகு என்ன ஆகிறது என்ற கதையைத்தான் கேட்க வேண்டும். ஒரு தொந்தரவும் இல்லாமல் மீன் சாப்பிடும் ஆளுக்கும் அந்தக் காகிதத்தில் மீன் பெயர் வரலாம். நீடித்த காணாக்கடிக்கு இப்படி மொத்தமாக உணவுப் பட்டியல் பரிசோதனை செய்வதை உலக அளவிலான சிகிச்சை வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, பிறகு பயந்து பயந்து சோறும் ரசமும் மட்டும் சாப்பிடும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அவர்கள் மேல் இல்லை.

செய்ய வேண்டிய பரிசோதனைகள் குறைவு: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, தைராய்டு அளவும் தைராய்டு எதிர்ப்புப் புரதமும், மொத்த ஐஜிஇ. ஈயோசினோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் கூடியிருந்தால் குடல் புழுவுக்குப் பார்ப்போம். அவ்வளவுதான்.

இதைவிடப் பயனுள்ள ஒரு பரிசோதனைக்குப் பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனா போதும். இன்றைக்குச் சாயங்காலம் புதிதாக ஒரு தடிப்பு வந்ததும் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். பக்கத்திலேயே நேரத்தையும் எழுதுங்கள், 8.40 என்று. போனில் ஒரு படம். காலையில் எழுந்ததும் அதே இடத்தைப் பாருங்கள். மை இருக்கும், தடிப்பு இருக்காது. அப்படி இருந்தால் இது சாதாரணக் காணாக்கடிதான் என்று பெருமளவு நம்பலாம். வட்டத்துக்குள் அதே தடிப்பு 24 மணி நேரம் கழித்தும் நின்றால், அரிப்பை விட எரிச்சலும் வலியும் அதிகம் இருந்தால், போகும்போது கன்றிப்போன நிறம் விட்டுச் சென்றால், அல்லது கூடவே காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால், அது ரத்தக் குழாய் அழற்சியாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். அப்போது தோலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் தடிப்பு இருக்காது என்பதால், போனில் உள்ள படங்கள்தான் உங்களுக்குச் சாட்சி.

பையின் வார் விஷயம் தனி. நோயாளியின் முதுகில் பேனாவின் மூடிய முனையால் மெதுவாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். ஐந்து பத்து நிமிடத்தில் அந்தக் கோடு சிவந்து, விரலால் தடவினால் தெரிகிற அளவுக்கு மேலெழும்பி நிற்கும். தோலில் எழுதலாம் போல இருக்கும். இதை டெர்மோகிராபிசம் என்கிறோம். உங்களுக்கு அதுவும் சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. முலுண்டிலிருந்து தாதர் வரை லேடீஸ் டப்பாவில் நெருக்கியடித்து நிற்கும்போது வார் தோளில் உரசுகிறது, இறங்கியதும் கோடு. பாவாடை நாடா, உள்ளாடை எலாஸ்டிக், சொறியும் நகம், துண்டால் அழுத்தித் துடைப்பது எல்லாமே அப்படித்தான். அகலமான வார் உள்ள பை, தளர்வான பருத்தி உடை, குளித்ததும் ஒற்றித் துடைப்பது, இவ்வளவு மாற்றினாலே கொஞ்சம் அடங்கும். வெந்நீர் வேண்டாம். அரிக்கிற இடத்தில் குளிர்ந்த ஈரத் துணி போடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கோகம் தண்ணீரையும் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள், குளிர்ச்சிக்கு இதமாக இருக்கும். நோயை அது மாற்றாது.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மாதவிலக்கு வலிக்கு மாத்திரை போடுகிறேன் என்று. அந்த அட்டையைத் திருப்பிப் பின்னால் உள்ள பெயரைப் படியுங்கள். நம் கடைகளில் அந்த வலிக்கு வழக்கமாகத் தருவது மெஃபெனாமிக் ஆசிட். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். காணாக்கடி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு இந்தக் குடும்பத்து மாத்திரைகள் தடிப்பைக் கிளறிவிடும், உதட்டையும் வீங்கவைக்கும். அந்த நாட்களில் உங்களுக்கு அதிகமாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்த இரண்டு மாதம் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போட்டுப் பாருங்கள், கூடவே வயிற்றில் வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டாம், வெப்பமும் தடிப்பைத் தூண்டலாம். உதடு வீங்கிய இரண்டு நாளும் எந்தத் தேதி என்று நினைவிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வலி தாங்கவில்லை என்றால் மகளிர் மருத்துவரிடம் இதைச் சொல்லி வேறு வழி கேளுங்கள். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. தடிப்பே இல்லாமல் உதடோ நாக்கோ மட்டும் வீங்குகிறது, ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை போடுகிறீர்கள் என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

இப்போது சிகிச்சை. அரிக்கும்போது செட்ரிசின் போடுகிறேன் என்கிறீர்கள். மாத்திரை சரிதான், போடும் நேரம்தான் தவறு. ரயிலில் சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார்களே, ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையும் அதைத்தான் செய்கிறது. நரம்பிலும் ரத்தக் குழாயிலும் ஹிஸ்டமின் உட்காரும் இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். ஹிஸ்டமின் வந்து உட்கார்ந்து தடிப்பும் எழும்பிவிட்ட பிறகு போட்டால், எழுந்த தடிப்புக்கு அதிகம் பயனில்லை. அதனால் அரித்தாலும் அரிக்காவிட்டாலும், ஒவ்வொரு நாளும், ஒரே நேரத்தில் போட வேண்டும். உங்களுக்குச் சாயங்காலம் வருகிறது என்றால் அதற்கு முன்பே.

இரண்டு முதல் நான்கு வாரம் தவறாமல் போட்டும் அடங்கவில்லை என்றால், மருத்துவர் அதே மாத்திரையின் அளவைக் கூட்டுவார். வழக்கமான அளவைப் போல் நான்கு மடங்கு வரை கூட்டலாம் என்று சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. கேட்கப் பயமாக இருக்கும், நோயாளிகள் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை மறுபடி ஒரு தடவை கேட்பார்கள். பல வருடங்களாக உலகம் முழுக்கச் செய்வதுதான். ஆனால் நீங்களாகக் கூட்டாதீர்கள். சிறுநீரகம், கல்லீரல், மற்ற மாத்திரைகள் எல்லாம் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செட்ரிசினில் சிலருக்குத் தூக்கக் கலக்கம் வரும். அப்படியானால் ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின், லோரட்டடின் என்று மாற்றிப் பார்க்கலாம். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது, தண்ணீரோடு போடுங்கள். பிலாஸ்டின் வெறும் வயிற்றில். குளோர்பெனிரமின், ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் நன்றாகத் தூங்கவைக்கும், மறுநாள் காலையிலும் மந்தமாக வைக்கும். தினசரி போடுவதற்கு அவை வேண்டாம். செலவு பற்றிக் கவலையிருந்தால், அரசின் ஜன் ஔஷதி மருந்துக் கடைகளில் செட்ரிசின் மாதிரியானவை மலிவாகக் கிடைக்கும்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அநேகமாக ஸ்டீராய்டு. அட்டையில் பிரெட்னிசோலோன், மீத்தைல் பிரெட்னிசோலோன், டெஃப்ளாசாகார்ட், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கடுமையாக வந்த நேரத்தில் சில நாள் கொடுப்பதில் தப்பில்லை, நானும் கொடுத்திருக்கிறேன். எட்டு மாதத்தில் ஏழெட்டுத் தடவை என்பது வேறு கதை. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு, கண், எடை எல்லாவற்றையும் அது தொடும். அதன் வேகம்தான் மயக்குகிறது: போட்ட அன்றே தோல் சுத்தமாகிவிடும், நிறுத்தியதும் தடிப்பு முன்னைவிட மூர்க்கமாக வருகிற மாதிரி இருக்கும், மறுபடி அதையே தேடிப் போவீர்கள். இப்போது தொடர்ந்து வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரை அளவைக் கூட்டியும் அடங்காதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒமாலிசுமாப் என்ற ஊசி. ஐஜிஇ புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம், தோலுக்கடியில். அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2014இல் அனுமதி கிடைத்தது, நம் நாட்டிலும் கிடைக்கிறது. விலை அதிகம் என்பதுதான் தடை. அதுவும் முடியாதவர்களுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுப்போம், ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் அடிக்கடி பார்த்துக்கொண்டு. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், நீங்கள் இன்னும் முதல் படியையே சரியாக ஏறிப் பார்க்கவில்லை. அதனால் ஊசியைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். வீட்டில் நாள்காட்டி தொங்குமே, அதில் தினமும் இரண்டு எண் எழுதுங்கள். முதல் எண் தடிப்புக்கு: இல்லை என்றால் 0, இருபதுக்குக் குறைவு 1, ஐம்பது வரை 2, அதற்கு மேல் 3. இரண்டாவது எண் அரிப்புக்கு: இல்லை 0, லேசு 1, தொந்தரவு ஆனால் தாங்கலாம் 2, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தது 3. ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42. ஆறோ அதற்குக் குறைவோ வந்தால் நோய் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. 28 அல்லது அதற்கு மேல் போனால் கடுமை. மாத்திரை வேலை செய்கிறதா என்று இந்த எண்தான் சொல்லும். நேற்று ஒரு நாள் மோசமாக இருந்ததால் எல்லாமே தோற்றுவிட்ட மாதிரி மனசுக்குப் படும், நாள்காட்டியில் போன வாரம் 31, இந்த வாரம் 17 என்று இருக்கும்.

எவ்வளவு நாள் இது? பலருக்கு ஓரிரு வருடங்களில் தானாகவே அடங்கிவிடுகிறது. சிலருக்கு ஐந்து வருடத்துக்கு மேலும் போகிறது. உங்களுக்கு எது என்று இன்றைக்குச் சொல்ல வழியில்லை. மாத்திரை நோயை வேரோடு பிடுங்குவதில்லை. அது தானாகப் போகும் வரை நீங்கள் தூங்கவும் வேலைக்குப் போகவும் சாப்பிடவும் வைக்கிறது. அதனால் தடிப்பு நின்ற மறுநாளே நிறுத்திவிடாதீர்கள். சில மாதங்கள் ஒரு தடிப்பும் இல்லாமல் போன பிறகு, மருத்துவரோடு பேசி மெதுவாகக் குறைக்கலாம்.

உதடு வீங்குவது பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தாவது அபூர்வம். ஆனால் மூச்சுத் திணறல், குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, நாக்கு வீங்குவது, தலைசுற்றி மயக்கம் வருவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக உங்கள் மகள். காணாக்கடி தொற்று நோய் இல்லை. தொட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ, ஒரே போர்வையில் படுத்தாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ பரவாது. உங்கள் உடம்பிலிருந்து அவளுக்குப் போவதற்கு அதில் கிருமியே இல்லை. இன்றைக்கு ராத்திரி அவளை உங்கள் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.